இரண்டாவது நாய்க்கு ஒரு சொல்

மகனே,

உன் மடல் கைக்கு வந்து பதினொரு நாளாகின்றது. மேடையேறினால் மூன்று மணி நேரம் ஒரு சொல்லும் தடுக்காமல் முழங்கியவன், இந்தப் பதினொரு நாளில் எத்தனை தாள்களைக் கிழித்தேன் என்பதை அடுப்பு அறியும். நீ கேட்டிருப்பதோ மிகச் சிறியது. கம்பம்மெட்டிலே நீ கணக்கெழுதும் ஏலத்தோட்டத்தின் துரை தன் நாட்டுக்குத் திரும்புகின்றார். தன் பெருநாயை உன்னிடம் விட்டுச் செல்ல விரும்புகின்றார். வீட்டில் மருதன் என்னும் பெரிய நாய் ஒன்று முன்பே இருக்க, இரண்டாவதையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கின்றாய். சேர்க்கலாம், சேர்க்கவேண்டா என்னும் இரண்டு விடைகளுள் ஒன்றை எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத வேண்டுமாயின் பதினெட்டு ஆண்டுகளாக நான் உனக்கும் ஊருக்கும் சொல்லிவந்த பொய் ஒன்றை முதலில் உடைக்கவேண்டும். அதனால்தான் காலந்தாழ்ந்தது. இந்த மடலின் படி ஒன்றை என் பேச்சுகளை அச்சிட்டுவந்த இதழுக்கும் அனுப்புகின்றேன். பொய்யை ஊர் கேட்கச் சொன்னேன். மெய்யை உன் காதோடு மட்டும் சொன்னால் அது பாதி மெய்தான்.

உன் மடலின் அடியில் மருமகள் தன் கையால் இரண்டு வரி சேர்த்திருக்கின்றாள். நீ பார்த்திருக்கமாட்டாய், மடித்தபின் ஓரத்தில் எழுதியிருக்கின்றாள். "மாமா, அந்த நாய் நம்ம பாப்பாவ விட ஒசரமா இருக்கு. இவுக கேக்க மாட்டேங்கிறாக, நீங்க ஒரு சொல்லு சொல்லுங்க." கம்பத்துப் பெண்ணின் அந்த எழுத்தை நான் பலமுறை படித்தேன். அவள் கேட்பது ஒரே ஒரு சொல். என்னிடம் போய் அதைக் கேட்கின்றாளே.

நீ எழுதியவை யாவும் பொருளுடையவை. அவற்றை நான் தள்ளவில்லை. சிறுத்தை இறங்கி அடுத்த குடியிருப்பின் நாயைக் கவ்விச் சென்றது என்கின்றாய். மருதன் அன்றுமுதல் குரைப்பதை விட்டுக் கட்டிலுக்கடியில் படுக்கின்றான், துணையிருந்தால் துணிவு வரும் என்கின்றாய். வரும், மகனே. அந்தத் துணிவைப் பற்றித்தான் நான் அஞ்சுகின்றேன். பிறகு நீ எழுதியிருக்கும் வரிகள்தாம் என்னைக் கொன்றன: "நம் வீட்டில் வேங்கையும் அரிமாவும் வண்டியின் இருபுறமும் ஓடிவந்த அழகு என் கண்ணைவிட்டு அகலவில்லை. இதற்கும் அரிமா என்றே பெயர் வைப்பேன். துரையின் அயற்சொற்களை மறக்கடித்து, தங்களைப் போலவே அமர்க, வருக, விடுக என்று தூய தமிழில் பழக்குவேன். அரிமாவைத் தாங்கள் ஏன் துரையின் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுத்தீர்கள் என்று மட்டும் எனக்கு இன்றும் விளங்கவில்லை."

நான் அவனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

வேங்கை உன் அம்மா வளர்த்தது என்பதை அறிவாய். மீனாட்சிபுரத்துச் சந்தையில் யாரோ விட்டுச்சென்ற குட்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். மாட்டுக்கொட்டிலில் அவள் பால் கறக்க உட்கார்ந்தால் அவள் காலடியில் அது உட்காரும். அவள் எழுந்தால் எழும். அதற்கு அவள் எதையும் பழக்கவில்லை. "வா கண்ணு", "போ சாமி" என்று உன்னை அழைத்ததுபோலவே அதையும் அழைத்தாள். நீ கோயம்புத்தூர்ப் பள்ளிக்குப் போன ஆண்டில், மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் ஊர் திரும்புவதால் அவருடைய நாய்க்கு இடம் தேடுவதாக எனக்குச் செய்தி வந்தது. என் பேச்சைக் கேட்டு மகிழ்ந்த அன்பர்கள் நடுவில், வெள்ளையனின் நாயைத் தமிழ் கேட்கச் செய்து காட்டுகின்றேன் என்று சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைத் தவிர வேறு எந்தத் தேவையும் எனக்கு அந்த நாயால் இல்லை. நம் ஊரில் சிறுத்தை கிடையாது, களவும் மிகுதியில்லை. வீட்டுக்கு ஓர் உயிரைச் சேர்ப்பதா என்பதை அந்த உயிரோடு நாள்முழுதும் வாழப்போகின்றவளைக் கேளாமல், மேடையில் நின்று முடிவுசெய்தேன்.

உன் அம்மா கேட்டபோது அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, ஒண்ணுக்குக் கம்பங்கூழு காச்சியே என் கையி தேயுது. இன்னொண்ணுங்களா?" என்றாள். பெருமை எனக்கு; வேலை அவளுக்கு. நான் தமிழின் மானம், தன்மதிப்பு என்று ஏதோ சொன்னேன். அவள் ஊதுகுழலை எடுத்துவிட்டு, "நீங்க கூட்டத்துக்குப் போயிருவீங்க. அது ஊட்ல உங்க பேச்சத் தின்னுட்டு இருக்குமுங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை அவளுடைய இசைவு என்று எடுத்துக்கொண்டேன்.

துரையின் சமையற்காரர் நாயை அழைத்துவந்தார். தோளளவு உயரம் என்று சொன்னால் மிகை. உன் அம்மாவின் இடுப்பளவு இருந்தது. அவர் உன் அம்மாவிடந்தான் பேசினார். கூழ் ஊற்றப்போகின்றவள் யார் என்று பார்த்தவுடன் தெரிந்துகொண்டார். "அம்மா, இவன் நல்லவன். ஒண்ணே ஒண்ணு. புடிச்சதை விடமாட்டான். சுட்ட பறவையைக் கவ்விக்கிட்டு வரப் பழக்குனது. தொரை அந்த வார்த்தையச் சொல்ற வரைக்கும் வாயைத் தொறக்க மாட்டான். சொன்னா, பட்டுனு விட்டுருவான்" என்று சொல்லி, ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லிக் காட்டினார். நாயின் வாயில் ஒரு துணிச்சுருளைக் கொடுத்து உன் அம்மாவையே சொல்லச் சொன்னார். அவள் நாணத்தோடு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள். நாய் துணியைக் கீழே போட்டது. "பாருங்க, அம்மா தொரசானி மாதிரியே சொல்றாங்க!" என்று அவர் கைகொட்டினார். உன் அம்மா சின்னப் பெண்போலச் சிரித்தாள். நாய்க்கு மீண்டும் துணியைக் கொடுத்து மீண்டும் சொன்னாள். அது மீண்டும் போட்டது. அவள் அப்படி மகிழ்ந்து நான் கண்டது குறைவு.

நான் சினந்தேன், மகனே. கூட்டத்தில் சினப்பதுபோலச் சினந்தேன். அயல்மொழி அடிமைச்சொல் என் வீட்டின் கூரைக்குள் இனி ஒலிக்கலாகாது என்றும், ஒலித்தால் நான் அந்த வீட்டில் உண்ணேன் என்றும் அந்தச் சமையற்காரர் முன்னிலையிலேயே சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். உன் அம்மாவின் சிரிப்பு நின்றது. நானாக ஒரு சொல் ஆக்கினேன்: விடுக. இரண்டு திங்கள் நாள்தோறும் தோட்டத்தில் நின்று, என் மேடைக்குரலில், அடிவயிற்றிலிருந்து அதை எழுப்பி நாய்க்குப் பழக்கினேன். பழகிவிட்டது. விடுமுறைக்கு வந்தபோது நீ கண்டு வியந்தாயே, அதுதான். உன் அம்மாவையும் சொல்லச் சொன்னேன். அவளால் முடியவில்லை. "நாயிகிட்டப் போயி வருக, விடுகன்னா சிரிப்பு வருதுங்க. கல்யாணக் காயிதம் படிக்கற மாரி இருக்குதுங்க" என்றாள். போகட்டும், நான்தான் இருக்கின்றேனே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாய்கள் என்பது ஒரு நாயும் இன்னொரு நாயும் என்று நீ எண்ணியிருப்பாய். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஒரு நாய் நம் முகத்தைப் பார்த்து வாழும். இரண்டாவது வந்தவுடன் ஒன்று மற்றொன்றின் முகத்தைப் பார்க்கத் தொடங்கும். உன் அம்மா எழுந்தால் எழுகின்ற வேங்கை, அரிமா எழுகின்றானா என்று பார்த்து எழத் தொடங்கியது. கூழ்ச்சட்டியை இரண்டாகப் பிரித்து வைத்தாலும் தன் சட்டியை விட்டு மற்றதன் சட்டியைக் காத்து நின்றது. கொட்டிலின் வாயிலில் யார் முன்னே நுழைவது என்பதில் நாளுக்கு நாள் உறுமல் வளர்ந்தது. உன் அம்மா எனக்குச் சொன்னாள்: "வேங்கை இப்ப எம்பேச்சுக் கேக்கறதில்லீங்க. அவன் இல்லாதப்பத்தான் அது என்ர நாயி." நான் ஏதோ கூட்டத்துக்கு உரை எழுதிக்கொண்டிருந்தேன், தலைநிமிரவில்லை.

செவலை மாடு கன்று ஈன்ற நாள் அது. நான் விடியலிலேயே கொழிஞ்சாம்பாறைக் கூட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டேன். ஈன்றபின் மாட்டின் வயிற்றிலிருந்து விழும் இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் உயரக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம்; நாய் வாய்ப்பட்டால் மாட்டுக்குப் பால் வற்றும் என்பார்கள். நம் பண்ணையாள் ஆறுமுகம் கிணற்றில் எருது பூட்டி நீரிறைக்கும் கவலையை ஓட்டிக்கொண்டிருந்தார். எருதுகளைப் பாதியில் நிறுத்தச்சொல்ல மனமின்றி உன் அம்மா தானே பொதியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு நடந்தாள். முன்பு மூன்று முறை அப்படி நடந்திருக்கின்றாள். மூன்று முறையும் வேங்கை வாலாட்டிக்கொண்டு பின்னே வந்ததே தவிர பொதியை முகரக்கூட இல்லை. அன்று அதற்குத் துணையிருந்தது. துணையோடு துணிவும் இருந்தது. அரிமா தாவப்போகின்றான் என்று கண்டு வேங்கை முந்திக்கொண்டு தாவியது. இரண்டும் பொதிக்காக ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. தன் நாய் கடிபடுகின்றதே என்று உன் அம்மா வேங்கையின் பிடரியைப் பற்றி இழுத்தாள். அரிமாவின் வாய், பொதியென்று எண்ணி, அவளுடைய வலக்கையின்மேல் மூடியது.

அவன் கடித்துக் குதறவில்லை. கவ்வினான், கவ்வியதைச் சொல் வரும்வரை விடாமல் பிடித்தான். அவன் கற்றது அதுதான். உன் அம்மா, "விடு கண்ணு, விடு சாமி, விட்ரா" என்று கதறியிருக்கின்றாள். நான் கற்பித்த சொல்லுக்கும் அவள் கதறிய சொல்லுக்கும் இடையில் ஓர் எழுத்து, ஒரு ககரம். அந்த ஓர் எழுத்தும் அதன் பின்னே என் மேடைக்குரலும் இல்லாமையால் அது அவனுக்குச் சொல்லாகவே படவில்லை. வேங்கை மீண்டும் பாய்ந்து அவனைக் கடித்தது. கடிபடக் கடிபட அவன் தாடை இறுகியது. அலறல் கேட்டு ஆறுமுகம் கவலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். எருதோட்டும் கோலை நாயின் பற்களுக்கிடையே செருகி, தன் கையும் கிழிபட, வாயைப் பிளந்து உன் அம்மாவை மீட்டார். அந்த வேளையில் நான் கொழிஞ்சாம்பாறையில் என்ன பேசிக்கொண்டிருந்தேன் என்று நீ உய்த்துணர்வாய். எழுதக் கூசுகின்றது.

மாலையில் வீடு திரும்பினேன். அரிமா புளியமரத்தில் கட்டுண்டிருந்தான். என்னைக் கண்டதும் வாலாட்டினான். "அமர்க" என்றேன், அமர்ந்தான். அவன் வாயில் ஒரு கட்டையைக் கொடுத்து "விடுக" என்றேன், விட்டான். உள்ளே உன் அம்மா மஞ்சள்துணி சுற்றிய கையை மார்போடு அணைத்துக் கிடந்தாள். நான் அருகில் உட்கார்ந்தேன். கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன். அந்தச் சமையற்காரர் சொன்ன சொல் உனக்கு மறந்துபோயிற்றா என்றேன்.

"மறக்கலீங்க" என்றாள். "நெனப்பு வந்துச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க. நீங்க சொல்லக் கூடாதுன்ன வார்த்தையாச்சேன்னு ஒரு நொடி நின்னுட்டேன். அப்பறம் ஆறுமுகம் வந்துட்டாரு." மஞ்சள்துணியைச் சரிசெய்துகொண்டு, "சொல்லியிருந்தா நீங்க சோறு திங்க மாட்டீங்கல்ல" என்றாள். அதில் குத்தல் இருந்ததா, இல்லையா என்று பதினெட்டு ஆண்டுகளாக எண்ணிப் பார்க்கின்றேன். இல்லை. அதுதான் தாங்க முடியாதது.

மறுநாள் ஊர் கேட்டது. வெள்ளையன் நாயைத் தமிழ் கேட்கச் செய்தவனின் மனைவி, அந்தத் தமிழாலேயே விரலிழந்தாள் என்று சிரிக்கப்போகும் வாய்களை நான் எண்ணினேன். "கவலைக் கயிற்றில் கை சிக்கிக்கொண்டது" என்றேன். ஒரு பொய்க்கு மற்றோர் ஆள் வேண்டும். கவலை ஓட்டியவர் யார் என்று கேட்டார்கள். ஆறுமுகம் அங்கேயே, கிழிந்த கையில் துணி சுற்றி, நின்றிருந்தார். எந்தக் கூட்டத்திலும் வாய்மூடாத நான் அங்கே வாய்மூடி நின்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "பண்ணாடி சொன்னாச் சரிதானுங்க. கவுத்தப் புடிச்சவன் நாந்தானுங்களே" என்றார். பொங்கலுக்கு நீ வந்தாய். அம்மாவின் கையில் இரண்டு விரல்கள் இல்லாததைக் கண்டு அழுதாய். அழுகையோடு அவர் குடிசைக்கு ஓடி, உன் தந்தை அகவையுள்ள மனிதரை "உனக்குக் கண்ணு பொட்டையாடா?" என்று கேட்டாய். பதினான்கு அகவைப் பிள்ளை கேட்க, அவர் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டார். உன் அம்மாவைக் காத்த கை அது. நான் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் திங்களுக்குள் அவர் குடும்பத்தோடு மலையேறிவிட்டார். எந்தத் தோட்டம் என்று இன்றுவரை தெரியவில்லை. தேடியதாகவும் நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அரிமாவைச் சுடுவதற்கு வேட்டைக்காரர் ஒருவரை அழைத்தேன். வேலிக்கு அப்பால் கொண்டுபோனோம். அவர் தயங்கி, "ஏனுங்க, அசையாம நிக்குமுங்களா? ஓடிப்போச்சுன்னா என்ர கிட்ட ரெண்டாவது குண்டு இல்லீங்க" என்றார். நான், "நிற்க" என்றேன். நின்றான். வெடி கேட்கும்வரை என் முகத்தையே பார்த்தபடி நின்றான். என் வாழ்நாளில் என் தூய தமிழுக்கு எழுத்துப் பிசகாமல் கீழ்ப்படிந்த ஒரே உயிர் அதுதான்.

செவலை மாடு வேறு கைக்குப் பால் சுரக்கவில்லை. இடக்கையால் கறக்க உன் அம்மா ஓராண்டு முயன்றாள். பிறகு மாட்டை விற்றோம். உனக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் இருமுறை கேட்டாள். நான் மறுத்தேன். அவளும் போய் மூன்றாண்டாகின்றது. நான் இதை எழுதுவதால் அவள் விரல்கள் வளரப்போவதில்லை. ஆறுமுகம் குடிசைக்குத் திரும்பப்போவதில்லை. நீ அன்று கேட்ட சொல் உன் வாய்க்குள் மீளப்போவதில்லை. எந்த ஆறுதலும் எதிர்பார்த்து எழுதவில்லை. ஆறுமுகம் அந்த மலைகளில் எங்கேனும் இருந்தால், இருந்து யாரேனும் அவருக்கு இதைப் படித்துக்காட்டினால், தம்மைப் பற்றிய பொய் எங்கே பிறந்தது என்று அவர் அறியட்டும். பொறுத்தருளும்படி கேட்கும் தகுதி எனக்கில்லை.

இப்போது உன் வினாவுக்கு வருகின்றேன். இரண்டாவது நாய் வேண்டா, மகனே. மருதனின் அச்சத்துக்கு மருந்து இன்னொரு நாயாகாது; பொழுதிறங்குமுன் அவனை உள்ளே கட்டிக் கதவைச் சாத்து. உன் மனைவி ஒரு கையில் பிள்ளையைப் பிடித்தால் மறு கையில் எத்தனை கயிற்றைப் பிடிப்பாள்? நீ தோட்டத்துக்குப் போனபின் அந்த வீட்டில் யார் பேச்சுச் செல்லும்? அவள் வேண்டா என்று சொன்னபின்னும் என்னைக் கேட்கின்றாய். நானோ அவளைப் போன்ற ஒருத்தியைக் கேட்காமலே கெட்டவன். அவள் சொல்லைக் கேள்.

ஆயினும் துரை நிலவில்லா நாளுக்குமுன் புறப்படுகின்றார் என்று எழுதியிருந்தாய். நிலவில்லா நாள் நேற்று. நான் தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்த நாள்களில் அந்த நாய் உன் வீட்டுக்கு வந்திருக்கும். இந்த மடல் மலையேறி உன் கையை அடையும்போது நீ அதற்குத் தமிழ் கற்பிக்கத் தொடங்கியிருப்பாய். காலந்தாழ்த்துவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அப்படி வந்திருந்தால், இன்றே நிறுத்து. அதற்கு நீ வைத்த பெயரை எடுத்துவிடு. அது கேட்டு வளர்ந்த பெயரைக் கொடு. துரையின் ஆள்கள் யாரேனும் இன்னும் அங்கிருந்தால் ஓடிப்போய், கவ்வியதை விடச்செய்ய அவர் எந்தச் சொல்லைச் சொல்வார் என்று கேள். அதை உன் மனைவிக்குச் சொல்லிக்கொடு. அவள் நாணினால் நீ முதலில் சொல். சிரித்தால் அவளோடு சிரி. பேசத் தொடங்கியிருக்கும் என் பேத்தியின் வாயிலும் அதை ஏற்று. அப்பா, அம்மாவுக்கு அடுத்த சொல்லாக அது இருந்தாலும் நான் வருந்தேன்.

கேட்க எவருமில்லை என்றால், நானறிந்த ஒன்றைச் சொல்லிப் பார். முப்பது ஆண்டுகளாக நான் எழுதியவற்றுள் அயற்சொல் ஒன்றும் நுழைந்ததில்லை. இதை எழுதிவிட்டு என் எழுதுகோலை வைத்துவிடுகின்றேன். உன் அம்மாவின் நாக்கு நுனிவரை வந்து, எனக்காக நின்றுபோன சொல் அது.

லீவ் இட்.

உன் அப்பா